சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றல்ல: ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரலாறு



நம் காலாண்டு இதழின் வரலாற்றுப் பக்கத்தில் கோயில், ஏரி, பழைய ரயில் பாதை என்று ஏதாவது எழுதுவது என் வழக்கம். இந்த முறை ஒரு எண்ணெயின் வரலாறு. சிரிக்காதீர்கள். போன வாரம் நம் வாகன நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பத்து வருடங்களுக்கு முன் ஒன்றிரண்டாக இருந்த க்ளட்ச் இல்லாத கார்கள் இன்று வரிசையாக நிற்கின்றன. என்னைப் போல முட்டி வலிக்காரர்களும் வாங்குகிறார்கள், புதிதாக ஓட்டக் கற்றவர்களும் வாங்குகிறார்கள். உங்கள் காரின் கியர் பெட்டிக்குள் என்ன ஆயில் இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை, போன காலாண்டு விடுமுறை வரை.

பேத்தி வந்திருந்தாள். கல்வராயன் மலையில் பெரியார் அருவி பார்க்க வேண்டும் என்றாள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, வெள்ளிமலைச் சாலையில் ஏறினோம். நான்காவதோ ஐந்தாவதோ வளைவில் கார் உதறத் தொடங்கியது. மிதித்தால் என்ஜின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். "என்னங்க, வண்டி பின்னாடி போற மாதிரி இருக்கே" என்றாள் என் மனைவி. நல்ல வேளையாகச் சாலை சற்று அகன்ற இடம் ஒன்று வந்தது, ஒதுங்கி நிறுத்தினேன். கருகிய வாடை. பேத்தி அன்று அருவி பார்க்கவில்லை. மீட்பு வண்டியில் கார் ஏறுவதைத்தான் பார்த்தாள்.

ஊருக்கு வந்ததும் ஒரு பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், கடைசியா கியர் ஆயில் எப்ப மாத்துனீங்க? என்ன ஆயில் ஊத்துனாங்க?" மூன்று மாதத்துக்கு முன் வேறொரு பட்டறையில் மாற்றியிருந்தேன். 'சிவப்பு ஆயில் எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சொல்லி அவர்கள் ஊற்றினார்கள். பில்லிலும் 'ஏடிஎஃப், சிவப்பு, 4 லிட்டர்' என்றுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இந்த மெக்கானிக் சொன்னார்: "சிவப்புங்கறது கலர் சார், பேர் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. வங்கியில் இருந்த காலமெல்லாம் காசோலையில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு பைசா கொடுத்ததில்லை. சொந்தக் காருக்கு மட்டும் நிறத்தைப் பார்த்துப் பணம் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகுதான் இந்த ஆயிலின் கதையைத் தேடிப் படித்தேன். அதில் ஒரு வியப்பு இருந்தது. 'சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதான்' என்ற பேச்சு முழுப் பொய் அல்ல. ஒரு காலத்தில் அது ஏறக்குறைய உண்மையாகவே இருந்தது. எப்போது பொய்யானது என்பதுதான் இந்த வரலாறு.

அந்த ஆயில் என்ன செய்கிறது?

சாதாரண கியர் பெட்டியில் ஆயிலுக்கு ஒரே வேலைதான், பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது. ஆட்டோமேட்டிக்கில் அப்படி இல்லை. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றொன்றும் சுற்றுமல்லவா? காற்றுக்குப் பதில் இங்கே ஆயில். என்ஜினின் சக்தியைச் சுமந்து போவதே அதுதான். அதே ஆயில்தான் அழுத்தம் கொடுத்து கியரை மாற்றுகிறது, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துச் செல்கிறது, க்ளட்ச் தட்டுகளை நனைத்துக்கொண்டும் இருக்கிறது.

இதில் கடைசி வேலைதான் நுணுக்கமானது. தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும்போது வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது, வழுக்கிக்கொண்டே இருக்கவும் கூடாது. எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதை ஆயிலில் கலக்கும் உராய்வு மருந்துதான் முடிவு செய்கிறது. தயாரிப்பாளர் எந்த அளவு வழுக்கலுக்குத் தட்டுகளைச் செய்தாரோ, அதே வழுக்கல் ஆயிலிலும் இருக்க வேண்டும். ஆயில் பெயர்களின் கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

கப்பலில் தொடங்கிய கதை

திரவத்தின் வழியே சக்தியைக் கடத்தலாம் என்று 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். அவர் நினைத்தது காரை அல்ல, கப்பலை. கப்பலின் டர்பைன் வேகமாகச் சுற்றும், அதன் விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாதனம் தேவைப்பட்டது.

அந்த யோசனை காருக்கு வந்து, பெரும் எண்ணிக்கையில் விற்பனையானது 1939-ல். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்' என்ற கியர் பெட்டியை, 1940-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் இதே கியர் பெட்டி ஸ்டூவர்ட் வகை இலகு டாங்கிகளிலும் ஓடியது. அதற்கான ஆயிலைத் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் விற்பனையாளர்களிடம் மட்டுமே வாங்க முடியும்.

1949-ல் ஒரு மாற்றம் வந்தது. 'டைப் ஏ' என்ற தரத்தை வகுத்து, எந்த எண்ணெய் நிறுவனம் வேண்டுமானாலும் அதைத் தயாரிக்கலாம் என்றார்கள். ஆனால் சிகாகோவில் இருந்த ஆர்மர் ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனையில் தேற வேண்டும். தேறினால் தகுதி எண் கிடைக்கும், அதை டப்பாவின் மேல் பொறிக்க வேண்டும். 1950-களில் ஃபோர்டு, கிறைஸ்லர் கார்களுக்கும் இந்த டைப் ஏ ஆயிலே ஊற்றப்பட்டது. 'எல்லாம் ஒன்றுதான்' என்பது உண்மையாக இருந்த காலம் அதுதான்.

பிரிந்த பாதைகள்

1950-களின் இறுதியில் ஃபோர்டு தனக்கென ஒரு தரத்தை வகுத்துக்கொண்டது. 1967-ல் வந்த அதன் 'டைப் எஃப்' ஆயிலில் உராய்வு மருந்து கிடையாது. தட்டுகள் கெட்டியாகப் பிடிக்கும். அதே சமயத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 'டெக்ஸ்ரான்' ஆயில் உராய்வு மருந்து கலந்தது. கியர் மென்மையாக விழும். இரண்டும் சிவப்பு. இரண்டும் ஏடிஎஃப். ஒன்றுக்குச் செய்த பெட்டியில் மற்றதை ஊற்றினால் அதன் குணம் மாறிவிடும்.

இங்கே கதையில் ஒரு திமிங்கலம் வருகிறது. 'திமிங்கல வாந்தி' கடத்தியவர் கைது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த அம்பரைத் தரும் ஸ்பெர்ம் திமிங்கலம்தான். அதன் எண்ணெய்தான் அந்தக் காலத்து ஏடிஎஃப்-ல் உராய்வு மருந்தாகக் கலக்கப்பட்டது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தைச் சேர்த்தது. மாற்று மருந்து தேட வேண்டியதாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் டெக்ஸ்ரான்-2 வந்தது. புதிய கலவையின் முதல் வடிவம் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குளிர்விப்பானின் ஈயப் பற்றவைப்பை அரித்தது. அதையும் பிறகு திருத்தினார்கள். ஆயிலில் ஒரே ஒரு பொருளை மாற்றியதற்கு இவ்வளவு பாடு என்பதை நினைவில் வையுங்கள்.

அதன் பின் பெயர்கள் பெருகின. 1987-ல் ஃபோர்டின் மெர்கான், 1990-களில் டெக்ஸ்ரான்-3, 2005-ல் அதைவிட நீர்த்த டெக்ஸ்ரான்-6. டெக்ஸ்ரான்-3 பெயருக்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கடையில் 'டெக்ஸ்ரான்-3' என்று எழுதிய டப்பாவைப் பார்த்தால், அது எண்ணெய் விற்பவரின் வாக்குமூலம். அந்தப் பெயரின் சொந்தக்காரர் கொடுத்த சான்று அல்ல. ஜப்பானியரும் கொரியரும் தங்களுக்கென்று தனித்தனி ஆயில்களை வைத்துக்கொண்டார்கள். டொயோட்டாவுக்கு டி-4, பிறகு டபிள்யூஎஸ். ஹோண்டாவுக்கு இசட்-1, பிறகு டிடபிள்யூ-1. ஹூண்டாய்க்கு எஸ்பி-3, எஸ்பி-4.

நம் ஊருக்கு வந்த விதம்

நம்மில் பலர் முதலில் ஓட்டிய கியர் இல்லாத வண்டி, 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டராகத்தான் இருக்கும். அதன் ரப்பர் பெல்ட் உலர்ந்த நிலையில் ஓடுவது. அதில் ஏடிஎஃப் இல்லை. கார்களில் ஆட்டோமேட்டிக் வெகுகாலம் பணக்காரர் சமாச்சாரமாகவே இருந்தது. இருந்தாலும் நம் பட்டறைகளில் சிவப்பு ஆயில் டப்பா அன்றே உண்டு. பல வண்டிகளின் பவர் ஸ்டீயரிங்குக்கு டெக்ஸ்ரான் வகை ஆயிலையே ஊற்றினார்கள். 'சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதான்' என்ற பழக்கம் நம் பக்கத்தில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2013, 2014-ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறியது. சென்னையைச் சுற்றியே பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் கார்கள் வந்தன. ஓரகடத்தில் செய்த நிஸ்ஸான் மைக்ராவில் 2013-ல் சிவிடி வந்தது. அதே ஆண்டு மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் ஈகோஸ்போர்ட்டில் இரட்டைக் க்ளட்ச் கியர் பெட்டி வந்தது. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ, ஏஎம்டி என்ற மலிவான வகையோடு அறிமுகமானது. ஒரே வருட இடைவெளியில் நாலு வகைக் கியர் பெட்டிகள், நாலுக்கும் தனித்தனி ஆயில். ஓட்டுகிறவர் காலுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டே பெடல்.

உங்கள் கார் எந்த வகை?

முதல் வகை, டார்க் கன்வர்ட்டர் உள்ளது. இதற்குத்தான் ஏடிஎஃப். அதிலும் கையேட்டில் சொன்ன பெயர் கொண்ட ஏடிஎஃப்.

இரண்டாவது, சிவிடி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகுப் பட்டை ஓடுகிறது. எஃகும் எஃகும் ஒன்றையொன்று வழுக்காமல் பிடிக்க வேண்டும். மென்மையாக வழுக்கவென்று செய்த ஏடிஎஃப்-ஐ இதில் ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பியில் கோடு விழும். இதற்கு நிஸ்ஸானின் என்எஸ்-3, ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 போன்ற தனி ஆயில்கள் உண்டு. டொயோட்டா ப்ரியஸ் போன்ற ஹைப்ரிட் கார்களில் 'ஈ-சிவிடி' என்று எழுதியிருக்கும். பெயரில்தான் சிவிடி, உள்ளே எஃகுப் பட்டை கிடையாது, பற்சக்கரங்கள்தான். பெயரை நம்பி சிவிடி ஆயில் ஊற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது, இரட்டைக் க்ளட்ச். இதிலும் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம், ஏழு வேக உலர் க்ளட்ச் பெட்டி உள்ள சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், உள்ளே இருந்த செயற்கை எண்ணெயால் மின்பகுதியில் கோளாறு வர வாய்ப்பிருந்தது. அந்த எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். விலை கூடிய சிந்தெடிக் ஆயில் எப்போதும் மேல் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

நான்காவது, ஏஎம்டி. இது சாதாரண கியர் பெட்டிதான். க்ளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் மிதிக்கிறது, அவ்வளவே. பெட்டிக்குள் இருப்பது சாதாரண கியர் ஆயில். சில மாடல்களில் அந்த இயந்திரத்துக்கென்று சிறிதளவு ஹைட்ராலிக் ஆயில் தனியே உண்டு. 'ஆட்டோமேட்டிக்தானே' என்று யாராவது உங்கள் ஏஎம்டி பெட்டியில் ஏடிஎஃப் ஊற்ற வந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

வங்கிக்காரன் முறையிலேயே சொல்கிறேன்.

ஒன்று, மாதிரிக் கையெழுத்து உங்கள் காரின் கையேட்டில் இருக்கிறது. பின்பக்கம் 'பரிந்துரைக்கப்பட்ட எண்ணெய்கள்' என்ற அட்டவணையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். டப்பாவில் அதே பெயர் இருக்க வேண்டும். நிறத்தைப் பார்க்காதீர்கள். இப்போது பச்சை, நீல நிற ஏடிஎஃப்களும் வந்துவிட்டன.

இரண்டு, கையேட்டில் உள்ள ஆயில் இப்போது கிடைக்கவில்லை என்றால் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். ஹோண்டா தன் இசட்-1 இருந்த இடத்தில் டிடபிள்யூ-1 ஊற்றலாம் என்று தானே சொன்னது. அது சட்டப்படியான வாரிசு. டொயோட்டாவில் டி-4 கேட்கும் பெட்டிக்கு டபிள்யூஎஸ் வாரிசு அல்ல. யார் வாரிசு என்று சொல்லும் உரிமை கார் தயாரித்தவருக்கே உண்டு, கடைக்காரருக்கு இல்லை. ஃபோர்டு போல இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் கார் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்று, டப்பாவில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்றிருக்கிறதா, 'பொருந்தும்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். முன்னது மேலாளர் கையெழுத்திட்ட கடன் அனுமதி. பின்னது மனுதாரர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்தது. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற டப்பா என்றால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள்.

நான்கு, அளவு. கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். பல கார்களில் என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், ஹோண்டாவில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இப்போதைய பல கார்களில் அளவுக்கோலே கிடையாது. குறிப்பிட்ட சூட்டில் அடியில் உள்ள திருகைத் திறந்து பார்ப்பார்கள். அளவுக்கோல் இருந்தால் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். கருத்துக் கருகல் வாடை வந்தால் ஆயில் எரிந்திருக்கிறது. பால் கலந்த ரோஜா நிறம் என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. உடனே வண்டியை நிறுத்துங்கள்.

ஐந்து, 'ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். கியர் பெட்டி செய்யும் இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது.

ஆறு, பில்லில் 'கியர் ஆயில்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். நிறுவனம், தரப் பெயர், லிட்டர், கிலோமீட்டர் நான்கும் இருக்க வேண்டும். என் பில்லில் 'சிவப்பு' என்று இருந்ததால், அந்தப் பட்டறையோடு வாதாட என் கையில் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு

வெள்ளிமலைக்கோ கருமந்துறைக்கோ ஏறுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மெதுவான ஏற்றத்தில்தான் டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் அதிகம் கடைபடுகிறது, அதிகம் சூடாகிறது. ஏற்றத்தில் வண்டி நிற்க நேர்ந்தால் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து நிறுத்திவைக்காதீர்கள், பிரேக்கைப் பிடியுங்கள். இறங்கும்போது 'டி'யிலேயே விட்டுப் பிரேக்கைத் தேய்க்காமல், 'எல்', '2' அல்லது கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து குறைந்த கியரில் இறங்குங்கள்.

என் கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடித் திருகைத் திறந்தால் பாதி ஆயில்கூட வெளியே வராது, மிச்சம் டார்க் கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் சரியான ஆயிலை ஊற்றி, சிறிது ஓட்டி, மறுபடி இறக்கி, மறுபடி ஊற்றி, மூன்று முறை செய்தார் அந்த மெக்கானிக். தட்டுகள் முழுதாகக் கருகவில்லை, தப்பித்தேன். இன்னும் ஒரு மலை ஏறியிருந்தால் பெட்டியையே பிரிக்க வேண்டி வந்திருக்கும் என்றார். அப்படிப் பிரித்திருந்தால் என் பல மாத ஓய்வூதியம் அதில் போயிருக்கும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பேத்தி மறுபடி வந்தாள். அதே சாலை, அதே வளைவுகள். இந்த முறை கார் உதறவில்லை. அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, வெள்ளிமலையில் தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் இறங்கினோம்.

ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு காலை நடைப்பயிற்சி முடிந்ததும் உங்கள் கார் கையேட்டோடு நிறுத்துமிடத்துக்கு வாருங்கள். அந்தப் பக்கத்தைச் சேர்ந்து தேடுவோம். கையேடு தொலைந்துபோனவர்களும் வரலாம். காரின் மாடலையும் வருடத்தையும் சொன்னால், அதைத் தயாரித்தவர்களிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் அண்டை வீட்டு ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்